மாலை நேர வகுப்புக்கு இடம் தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வகுப்பு எடுக்கலாம் என்று நாலு பேர் சேர்ந்ததும் முதல் வேலையே இடம் தேடுவதுதான். பெரும்பாலும் அங்கேயே கோட்டை விட்டுவிடுகிறார்கள். எங்கே சும்மா கிடைக்கிறதோ அங்கே ஜமுக்காளத்தை விரித்துவிடுவார்கள். கொடுப்பவர் யார், இடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

கிராமத்தில் இதுதான் முதல் கேள்வி. கோயில் மண்டபம் விசாலமாக இருக்கும், வாடகையும் கிடையாது. ஆனால் தலித் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் தயங்காமல் அங்கே வர முடியுமா? “நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே” என்பார்கள். தடுக்கவே வேண்டாம். திண்ணையில் இருக்கும் ஒரு பெரியவர் “நீ யார் வீட்டுப் பையன்?” என்று கேட்டாலே போதும், மறுநாள் அவன் வரமாட்டான். கட்சிக் கொடிக்கம்பம் நிற்கும் கட்டடம், ரசிகர் மன்றம், ஏதாவது ஒரு மதத்தின் கூடம், நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் பிரமுகரின் வீட்டு மாடி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. பள்ளி, நூலகம், ஊராட்சிக் கட்டடம் என்று எல்லோருக்கும் பொதுவான இடங்களை முதலில் கேட்டுப் பாருங்கள். அவை கிடைக்கவே கிடைக்காது என்றால் மட்டும் மற்றவற்றுக்குப் போகலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போய் இடம் பார்ப்பது. அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் தெரியும். வகுப்பு முடியும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னையில் ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஆறரை மணி தாண்டும், நவம்பரில் 5.40க்கே மறைந்துவிடும். ஜூனில் பார்த்துப் பிடித்துப்போன இடத்திலிருந்து, ஐப்பசி மழையில் ஏழு மணிக்கு, தெருவிளக்கு எரியாத சந்து வழியாக ஒரு சிறுமி நடந்து போக வேண்டியிருக்கும். வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, பைபாஸைக் கடக்க வேண்டுமா, தெருநாய் கூட்டம் எங்கே படுத்திருக்கும் என்று நடந்தே பார்த்துவிட வேண்டும். ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண்பிள்ளைகள்தான் முதலில் வகுப்பிலிருந்து நின்றுவிடுவார்கள். “படிக்கிறதெல்லாம் சரி, இருட்டினப்புறம் எப்படி வருவா?” என்று அம்மா கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்தச் சிக்கலை நேராகவே கையாண்டது. பிள்ளைகளை எங்கோ வரச் சொல்லாமல், அவர்கள் குடியிருப்புக்குள்ளேயே மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் தன்னார்வலர் வகுப்பு எடுப்பது என்று வைத்தார்கள். பெரிய கூடம் ஒன்றைவிட, தெருவுக்கு ஒன்றாக இரண்டு சின்ன இடங்கள் மேல் என்பது என் கட்சி.

அரசுப் பள்ளியைக் கேட்பதானால் தலைமை ஆசிரியரின் வாய்வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள். அவர் மாறுதலில் போனால் அனுமதியும் கூடவே போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, எந்த அறை, எத்தனை மணி வரை, சாவி யாரிடம் என்று எழுதி வாங்குங்கள். சாவி என்றதும் வகுப்பறைச் சாவி மட்டும் நினைவுக்கு வருகிறது. பள்ளி விட்டதும் கழிப்பறையையும் பூட்டிவிடுவார்கள் என்பது வகுப்பு தொடங்கிய அன்றுதான் பலருக்குத் தெரியவரும்.

சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம் என்றால் முகூர்த்த நாட்களைக் காலண்டரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வெள்ளம் வந்தால் நிவாரண முகாமும் அங்கேதான். பால்வாடி சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் அரும்பு மீசை முளைத்த ஒன்பதாம் வகுப்புப் பையன், சுவரில் ‘அம்மா, ஆடு, இலை’ எழுதியிருக்கும் அறையில் வந்து உட்காரமாட்டான். இதை அவனிடமே முன்கூட்டிக் கேட்டிருக்கலாம்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகும் மொட்டைமாடிக் கீற்றுக் கொட்டகையை “காத்தோட்டமா இருக்கும் சார்” என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். கான்கிரீட் கட்டடமானாலும் மாடிப்படி எத்தனை, படிக்குக் கீழே மீட்டர் பெட்டியை அடைத்துக்கொண்டு பைக் நிற்கிறதா, கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சளவுக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். பின்கட்டில், ஜன்னல் இல்லாத தனியறை எவ்வளவு நல்ல மனிதருடையதாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருபது பேர் என்றால் ஆளுக்கு ஆறு சதுர அடி. உட்காரலாம், நோட்டைத் திறக்க முடியாது.

நகரத்தில் வாடகைக்கு எடுத்தால், தெரிந்தவர்தானே என்று பத்திரம் போடாமல் இருக்காதீர்கள். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. மாலையில் மட்டும்தான் வகுப்பு என்பதையும், மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டுக்காரர். கட்டட உரிமையாளரிடம் நாலு முறை பேசுகிறவர்கள் இவரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தத்தை அவர் பொறுத்துக்கொள்வார். அவர் வீட்டு கேட்டை மறித்துப் பத்து சைக்கிள் நின்றால் அன்றைக்கே சண்டைதான். சைக்கிளுக்கும் செருப்புக்கும் இடம் எது என்று முடிவு செய்துவிட்டு, ஒரு வாரம் சோதனையாக வகுப்பு நடத்திப் பாருங்கள். முன்பணம் அதற்கப்புறம் கொடுக்கலாம்.