முடிவு தெரிந்த பிறகு பேசுவது எளிது: கிரிக்கெட் விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாளடி அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்த பிறகு, மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் தண்ணீர் கடைமடையை எட்டும் வரை, காவிரி டெல்டாவின் வயல்களில் பாதி கிரிக்கெட் மைதானங்கள்தான். கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் ஏதாவது ஓர் ஊரில் டென்னிஸ் பந்துப் போட்டி நடந்துகொண்டே இருக்கும். ஐ.பி.எல். நடப்பதும் அதே மாதங்களில் என்பதால், பகலில் வெயிலில் ஆடியவர்களே இரவில் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து அணித் தேர்வையும் நடுவர் தீர்ப்பையும் அலசுவார்கள். அந்தக் களங்களில் நடுவராக நின்றும், அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை வறள வாதிட்டும் பழகியவன் என்ற முறையில், நம்முடைய விவாதங்கள் எங்கெங்கே தடம் புரள்கின்றன என்பதை எழுத நினைத்தேன். இவற்றில் பெரும்பாலானவை நானும் செய்த தவறுகளே.

அணித் தேர்வைப் பற்றிய பேச்சில் முதலில் குழம்புவது, திட்டு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது. தொடருக்கான பதினைந்து பதினாறு பேரைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக்குழு. அவர்களிலிருந்து அன்றைக்கு ஆடும் பதினொருவரை முடிவு செய்வது கேப்டனும் பயிற்சியாளரும். ஒருவர் அணியிலேயே இல்லை என்பதும், அணியில் இருந்தும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் வேறு வேறு மனக்குறைகள். கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித் தேர்வாளர்களைத் திட்டி முடித்துவிடுகிறோம்.

அடுத்தது, உள்ளே வர வேண்டியவரின் பெயரை மட்டும் சொல்லி, வெளியே போக வேண்டியவரின் பெயரைச் சொல்லாமல் விடுவது. "அவரைச் சேத்திருக்கணும்ணே" என்பவரிடம், "யாரைத் தம்பி உக்கார வைக்கிறது?" என்று கேட்டால் டீ கிளாஸைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். சு. பத்ரிநாத்தின் கதை தமிழ்நாட்டில் இன்றும் ஆறாத குறை. முதல்தர ஆட்டங்களில் 10,000-க்கும் மேற்பட்ட ரன்கள், சராசரி 54, ஆனால் ஆடியதோ இரண்டே டெஸ்ட். அநியாயம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் தட்டிய கதவுக்குப் பின்னால் டிராவிட், சச்சின், லட்சுமண் ஆகியோர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அநியாயத்தின் உண்மையான அளவு தெரியும். 2010-இல் நாக்பூரில் டிராவிடும் லட்சுமணும் காயத்தால் ஆடாத டெஸ்டில்தான் அவர் அறிமுகமாகி 56 ரன் எடுத்தார். "தமிழ்நாட்டுக்காரர் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள்" என்ற ஒற்றை வரியில் அதை அடக்கினால், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்ததை எந்தக் கணக்கில் வைப்பது? வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக விமானம் ஏறிய சின்னப்பம்பட்டி நடராஜனும், நெடுங்காலம் முதல்தர ஆட்டமே ஆடாமலிருந்த வாஷிங்டன் சுந்தரும், முன்னணிப் பந்துவீச்சாளர்கள் வரிசையாகக் காயமடைந்ததால் ஒரே டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். சுந்தர் 62 ரன்னும் சேர்த்தார். தேர்வு என்பதில் திறமைக்கும் பாரபட்சத்திற்கும் நடுவே காலி இடம் என்ற மூன்றாவது சங்கதி ஒன்று இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு, ஆட்டத்தின் முடிவை வைத்துத் தேர்வை எடைபோடுவது. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில், அப்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அஸ்வின் சேர்க்கப்படவில்லை. இந்தியா 209 ரன் வித்தியாசத்தில் தோற்றது. "தோற்றோமே, அப்போதே தெரியும்" என்று நான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது வாதமே அல்ல என்று உறைத்தது. டாஸ் போடும்போது ரோஹித் சர்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆடுகளத்தில் புல் இருக்கிறது, வானம் மேகமூட்டமாக இருக்கிறது என்பதுதான். அந்த முடிவு தவறு என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அதற்கு இப்போது நான் சொல்லும் காரணம் வேறு: ஆஸ்திரேலியாவின் முதல் ஏழு பேரில் வார்னர், கவாஜா, ஹெட், கேரி என நால்வர் இடக்கை ஆட்டக்காரர்கள், இடக்கை ஆட்டக்காரர்களைத் திணறடிப்பது அஸ்வினுக்குக் கைவந்த கலை, இரண்டும் டாஸுக்கு முன்பே கேப்டனுக்குத் தெரிந்தவை. முடிவு எடுத்தவர் அந்த நேரத்தில் என்ன அறிந்திருந்தார் என்பதை வைத்துப் பேசினால், தோல்வி என்ற ஊன்றுகோல் இல்லாமலேயே வாதம் நிற்கும். நடுவர் தீர்ப்புக்கும் இந்த அளவுகோலே பொருந்தும்.

அங்கே வரும்போது ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலானவற்றில் எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்பில் பட வேண்டிய பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்ற விதி, கிடையாது. பேட்டிங் செய்யும் அணியிலிருந்தே ஒருவர் நடுவராக நிற்பதுதான் பழைய வழக்கம் என்பதால், அந்த விதியை வைத்தால் ஆட்டம் ஐந்தாவது ஓவரைத் தாண்டாது. ஆக, வாழ்நாளில் ஒரு முறைகூட எல்.பி.டபிள்யூ. ஆகாதவர்கள்தான் இரவில் அதைப் பற்றி மிக உரத்த குரலில் பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்த விதியைக் கற்பித்தது தொலைக்காட்சியில் வரும் நீலமும் சிவப்புமான வரைபடம் மட்டுமே. அந்த வரைபடத்தை நிழற்படம் என்று எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பந்து காலில் படும் வரையிலான பாதையைக் கேமராக்கள் பார்த்துப் பதிவு செய்கின்றன. பட்ட இடத்திலிருந்து ஸ்டம்பு வரையிலான பாதை யாரும் பார்த்ததல்ல. அது கணக்குப் போட்டு நீட்டிய கோடு. பிட்ச் ஆன இடத்துக்கும் காலில் பட்ட இடத்துக்கும் இடையே தூரம் குறைவாக இருந்தால், கணக்குக்குக் கிடைக்கும் ஆதாரமும் குறைவு. இந்தத் தடுமாற்றத்தை ஒப்புக்கொண்டு, நூலிழைச் சந்தேகத்தில் கள நடுவர் சொன்னதே நிற்கட்டும் என்று வைத்த ஏற்பாடுதான் 'அம்பயர்ஸ் கால்'. நடுவர் நாட் அவுட் கொடுத்ததை மாற்ற வேண்டுமானால், பந்தில் குறைந்தது பாதியாவது ஸ்டம்பு எல்லைக்குள் படுவதாகக் கணக்கு காட்ட வேண்டும். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 7 செ.மீ.; ஆகவே நாம் கூச்சலிடும் சச்சரவெல்லாம் மூன்றரை சென்டிமீட்டருக்குள் நடப்பது.

"ஒரே பந்து, ஒருத்தருக்கு அவுட், இன்னொருத்தருக்கு நாட் அவுட், இது என்ன நியாயம்?" என்று கேட்பவர்களிடம் நான் வரப்பைச் சொல்வேன். வரப்புத் தகராறில் அளந்து பார்க்கும்போது ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டிருப்பது தெரிந்தால் வரப்பை வெட்டி எடுக்கச் சொல்வார்கள். விரற்கடை வித்தியாசம் என்றால், சங்கிலி இழுத்ததில் வந்த பிழையாகக்கூட இருக்கலாம் என்று, இருக்கிற வரப்பே இருக்கட்டும் எனப் பேசி முடிப்பார்கள். களத்தில் நின்ற நடுவரின் தீர்ப்புதான் இருக்கிற வரப்பு. அதை மாற்றக் கேட்பவர்தான் தெளிவான ஆதாரம் காட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லலாம், மாற்றவும் கோரலாம். நடுவர் யாருக்கோ சலுகை செய்தார் என்று சொல்வது மட்டும் பொருந்தாது. 2008-இல் இலங்கைத் தொடரில் சோதனை முறையாக வந்த ரிவ்யூவை, அதாவது நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறையை, 2016-இல் இங்கிலாந்து இங்கே வரும் வரை இரு நாட்டுத் தொடர்களில் ஏற்க இந்திய வாரியமே பெரும்பாலும் தயங்கியது என்பதைச் சிலர் மறந்துவிட்டார்கள்.

கருவி ஒன்றை மட்டும் தெய்வவாக்காக எடுத்துக்கொள்வதும் இதன் உடன்பிறப்பு. 2024 டிசம்பர் 30 அன்று மெல்போர்னில் ஜெய்ஸ்வால் 84 ரன்னில் இருந்தபோது, பந்து மட்டையிலோ கையுறையிலோ உரசும் ஒலியைக் காட்டும் ஸ்னிக்கோ கருவியின் கோடு அசையவில்லை. ஆனால் பந்து கையுறையைக் கடக்கும்போது திசை மாறியது கண்ணுக்குத் தெரிந்ததாகச் சொல்லி மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார். கடையில் அன்று நடந்தது விவாதமல்ல, கலவரம். மூன்றாவது நடுவர் முதலில் பார்ப்பது படத்தை. அதில் தெளிவு இல்லாதபோதுதான் ஒலிக்கருவிக்கு வேலை அதிகம். அவர் கண்டது சரியா என்று வாதாடுங்கள். கோடு அசையாததால் அவுட் கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடாதீர்கள்.

கைபேசிக் காணொளியைச் சாட்சியாகக் கொண்டுவருவது நம் வட்டாரத்துக்கே உரிய தவறு. சில ஆண்டுகளுக்கு முன் வலங்கைமான் பக்கம் ஒரு போட்டியில் நான் ஒரு ரன் அவுட் கொடுத்தேன். கிரீஸில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. பெயில்ஸ் விழும்போது மட்டை அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்ததைப் பக்கவாட்டில் நேராக நின்று பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும், டிராக்டர் டிரெய்லரின் மேல் நின்று எடுத்த காணொளியை ஒரு பையன் நிறுத்தி, பெரிதாக்கிக் காட்டினான். அதில் மட்டை கோட்டுக்கு உள்ளே இருந்தது! எனக்கே ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. பிறகு அவனை அழைத்துக்கொண்டு போய், கோட்டுக்கு வெளியே ஒரு மட்டையைச் சரியாக ஒரு சாண் தள்ளிக் கிடத்திவிட்டு, அதே டிரெய்லரில் ஏறி அதே கோணத்தில் எடுக்கச் சொன்னேன். படத்தில் மட்டை கோட்டைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ரன் அவுட்டுக்கான கேமராக்களைக் கிரீஸுக்கு நேர் பக்கவாட்டில் நிறுத்துவது இதனால்தான். தரையோடு தாழ்வாகப் பிடித்த கேட்ச்சைத் தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் படத்திலும் இதே மயக்கம் உண்டு. விரல் அடியில் இருந்தாலும் பந்து புல்லைத் தொட்டதுபோல் தெரியும். காணொளியை நிறுத்தி எடுத்த ஒரு படத்தை அனுப்பிவிட்டு "இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்பவருக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று திருப்பிக் கேட்பதே பதில்.

ஆட்டப் பண்பு பற்றிய விவாதத்தில், சட்டம் எது, மரபு எது என்று பிரிக்காமல் பேசுகிறோம். பந்து வீசும் முன்னே கிரீஸைவிட்டு வெளியேறும் நான்-ஸ்ட்ரைக்கரை, அதாவது பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் ஆட்டக்காரரை, ரன் அவுட் செய்வது என்றைக்கும் சட்டத்துக்கு உட்பட்டதே. 1947-இல் சிட்னியில் பில் பிரவுனை அப்படி வெளியேற்றிய வினு மன்கட்டின் பெயரையே அந்தச் செயலுக்கு வசைச்சொல்லாக்கிவிட்டார்கள். அதற்கு முன் நடந்த ஒரு சுற்றுப்பயண ஆட்டத்தில் அவர் பிரவுனை எச்சரித்திருந்தார் என்பதும், எதிரணிக் கேப்டன் பிராட்மேனே அவர் பக்கம் நியாயம் இருப்பதாக எழுதினார் என்பதும் அந்த வசையில் அடிபட்டுப் போயின. 2019-இல் ஜெய்ப்பூரில் அஸ்வின் பட்லரை அவ்வாறு வெளியேற்றிய பின் எழுந்த கூச்சலும் அதே ரகம். 2022 அக்டோபரில் இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து, வெறும் ரன் அவுட் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சட்டத்தில் இருந்தால் எல்லாம் சரி என்பது. 1981-இல் மெல்போர்னில் கடைசிப் பந்தை உருட்டிவிடும்படி கிரெக் சாப்பல் தம்பி டிரெவருக்குச் சொன்னபோது அதைத் தடுக்கும் விதி அந்த ஆட்டத்தில் இல்லை. ஆனாலும் அது அசிங்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது, பிறகு விதி மாறியது. நடுவில் கிடப்பவைதான் கடினமானவை. 2011-இல் நாட்டிங்ஹாமில், தேநீர் இடைவேளை வந்துவிட்டதாக நினைத்து நடந்துபோய் ரன் அவுட்டான இயான் பெல்லை, 137 ரன்னில் இருந்தவரை, தோனி திரும்ப அழைத்தார். அதைக் கொண்டாடிய நம்மில் பலர், 2023-இல் லார்ட்ஸில் ஓவர் முடிந்ததாக நினைத்து நடந்த பேர்ஸ்டோவை அலெக்ஸ் கேரி ஸ்டம்பிங் செய்தபோது, "சட்டம்னா சட்டம்தான்" என்று கைதட்டினோம். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே நிலைப்பாடு எடுக்க முடிகிறதா என்று பார்ப்பது, ரசிகர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள நல்ல வழி. எனக்கு முடியவில்லை, பெல் போன்றவரைத் திரும்ப அழைப்பது பெருந்தன்மை, அழைக்காவிட்டால் குற்றமில்லை என்ற அளவில்தான் நிற்கிறேன். 1980-இல் பம்பாயில் நடுவர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திரும்ப அழைத்த இந்தியக் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்கு அந்தப் பெருந்தன்மையின் விலை, டெய்லரும் போத்தமும் சேர்த்த 171 ரன் கூட்டணி, இந்தியா தோற்றது.

இப்போதெல்லாம் நான் நடுவராக நிற்கும் ஆட்டங்களில் டாஸுக்கு முன் இரு கேப்டன்களையும் அழைத்து, நான்-ஸ்ட்ரைக்கர் முன்கூட்டியே வெளியே வந்தால் ஒரு முறை எச்சரிக்கையா, நேரடியாக அவுட்டா என்று கேட்டு, ஸ்கோர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். போன வைகாசியில் இருவரும் நேரடி அவுட் என்றே எழுதச் சொன்னார்கள். ஏழாவது ஓவரில் அப்படி அவுட்டானவர் அவர்களில் ஒரு கேப்டன். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஸ்கோரர் பையன் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டத் தொடங்கியதும், மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்.