மாலை மின்சாரத்துக்கு எத்தனை டன் உப்பு வேண்டும்?

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பொறியியல் படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள், தென்னாப்பிரிக்காவின் வடக்குக் கேப் மாகாணத்துச் சூரிய வெப்ப மின் நிலையங்களில் வெப்பத்தைச் சேமிக்க நிற்கும் பெரிய உப்புத் தொட்டிகளின் அளவைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்த பின் எத்தனை மணி நேரம் மின்சாரம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வீடுதோறும் அடுப்பும் விளக்கும் ஒருசேர எரியும் மாலையில்தான் இந்நாட்டில் தேவை உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே 100 மெகாவாட் நிலையத்துக்கு 5 மணி நேரம் என வைத்துக்கொள்வோம். அது 500 மெகாவாட்-மணி. நீராவியால் சுழலும் டர்பைன் வெப்பத்தில் ஏறத்தாழ 38 விழுக்காட்டையே மின்சாரமாக்கும் என்பதால், சுமார் 1,300 மெகாவாட்-மணி வெப்பத்தைச் சேமிக்க வேண்டும்.

சேமிக்கும் பொருள், 60 பங்கு சோடியம் நைட்ரேட்டும் 40 பங்கு பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்த உருகிய உப்பு. ஒரு கிலோ உப்பு ஒரு பாகை செல்சியஸ் சூடேற ஏறத்தாழ 1.5 கிலோஜூல் பிடிக்கும். பகலில் சூடேறிய உப்பு ஒரு தொட்டியில் தங்கும்; வெப்பத்தைக் கொடுத்த பின் மற்றொரு, குளிர்ந்த தொட்டிக்குப் போகும். இனி வருவதே கணக்கின் உயிர்நாடி: சூடான தொட்டிக்கும் குளிர்ந்த தொட்டிக்கும் இடையே எத்தனை பாகை வேறுபாடு? வளைந்த நீள் ஆடிகள் வெயிலை ஒரு குழாயின் மேல் குவிக்கும் பரவளைய ஆடி நிலையங்களில் வெப்பத்தைச் சுமந்து வரும் எண்ணெய் 400 பாகையை நெருங்கினாலே சிதையத் தொடங்குவதால், வேறுபாடு 100 பாகைக்கு மேல் போவதில்லை. அப்போது ஏறத்தாழ 31,000 டன் உப்பு தேவைப்படும். போஸ்ட்மாஸ்பர்க் அருகிலுள்ள ரெட்ஸ்டோன் போன்ற, ஆடிகள் வெயிலைக் கோபுர உச்சியில் குவிக்கும் கோபுர நிலையத்தில் உப்பே 290 பாகையிலிருந்து 565 பாகை வரை நேராகச் சூடேறுவதால், அதே வெப்பத்துக்குச் சுமார் 11,300 டன் போதும். ரெட்ஸ்டோனில் 12 மணி நேரச் சேமிப்பு கைகூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

எடையைக் கன அளவாக மாற்றும்போது மாணவர்கள் இடறுவது வழக்கம். சூடேறிய உப்பு விரிவடையும். 565 பாகையில் ஒரு கனமீட்டர் சுமார் 1.73 டன்தான் இருக்கும். இரு தொட்டிகளும் தனித்தனியே உப்பு முழுவதையும் கொள்ள வேண்டும் என்பதால், சூடான தொட்டிக்கு 6,500 கனமீட்டருக்குக் குறையாமல் ஒதுக்குங்கள்; அடியில் பம்புக்கு எட்டாமல் தங்கும் உப்புக்கும் இடம் சேருங்கள்.

உறைதலை இறுதியாகக் கவனியுங்கள். இந்த உப்பு 240 பாகையளவிலேயே படிகமாகத் தொடங்கி, 220 பாகையளவில் கல்லாக இறுகிவிடும். எனவே ஒவ்வொரு குழாயிலும் வால்விலும் மின் சூடேற்றிக் கம்பி சுற்றப்பட்டிருக்க வேண்டும். சூரியன் மறைந்ததும் கோபுர உச்சியிலுள்ள குழாய்களில் ஒரு சொட்டும் தேங்காமல் குளிர்ந்த தொட்டிக்கு வடிந்துவிடும்படி அவை சரிவாக அமைய வேண்டும்.