பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் மாட்டியபின் கியர் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்குமுன் அளக்க வேண்டியவை

1990களில் அமெரிக்காவின் இலினாய் மாநிலம் நார்மல் நகரில் தயாரான மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டாலன், பிளிமத் லேசர் மூன்றும் உடன்பிறப்புகள். இவற்றின் டர்போ மாடல்களில் இருக்கும் 4ஜி63 எஞ்சினில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றினால் கம்பெனி கிளட்ச் சீக்கிரமே ஸ்லிப் ஆகும். அதைக் கழற்றிவிட்டு அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், அதாவது கிளட்ச் டிஸ்க்கை எஞ்சினின் ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு, மாட்டுகிறார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஒன்றாம் கியர் விழுவதில்லை, ரிவர்ஸ் கரகரவென்று கத்துகிறது, 7000 ஆர்பிஎம்மில் மூன்றாவது போட்டால் திருப்பித் தள்ளுகிறது. உடனே பழி புது கிளட்ச்சின் மேல் விழுகிறது.

பெரும்பாலும் குற்றம் கிளட்ச்சில் இல்லை. பெடலை முழுவதும் மிதித்தாலும் பிரஷர் பிளேட் விலகுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். காலில் தொடங்கிய நீண்ட அசைவு அந்த அளவுக்குச் சுருங்கிப் போய்ச் சேர்கிறது. வழியில் எங்காவது தேய்மானம் கொஞ்சம் தின்றுவிட்டால் கிளட்ச் கட் ஆகாது, அதாவது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுதாகப் பிரிக்காது. அழுத்தம் குறைந்த பழைய பிளேட் இருந்தவரை அந்தத் தேய்மானம் மறைந்திருந்தது. புதியது கேட்கும் விசை அதிகம், அதனால் தேய்ந்த இடங்களும் வளையும் இடங்களும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. ஆகவே காலடியிலிருந்து தொடங்கிக் கீழே போங்கள். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை.

முதலில் நோய் எது என்று பிரியுங்கள்

எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கடினமாக இருந்தால் கிளட்ச்சை மறந்துவிட்டு கியர் கேபிள், அதன் முனைகளில் உள்ள புஷ், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். கியர்பாக்ஸை மாட்டும்போது கேபிள் சரியான இடத்தில் உட்காராமல் போவது அடிக்கடி நடப்பது.

அணைத்திருக்கும்போது வெண்ணெய் போல விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் அடுத்த சோதனை இது. நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து ஐந்து வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் முழுதாகக் கட் ஆகியிருந்தால் அந்த நேரத்தில் இன்புட் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தம் வராது. கரகரத்தால் எஞ்சின் இன்னும் ஷாஃப்டை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சத்தமே இல்லாமல் ரிவர்ஸ் விழுந்து, ஓட்டத்தில் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் கடித்தால், அது அந்தக் கியரின் சிங்க்ரோ (கியர் விழுமுன் வேகங்களைச் சமன் செய்யும் வளையம்) தேய்ந்ததன் அடையாளம். எந்தக் கிளட்ச் மாட்டினாலும் அது தீராது.

வண்டியைத் தூக்கி, எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை மிதித்துக் கியரில் வைத்துச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனைதான். ஆனால் நான்கு சக்கரமும் இயங்கும் மாடலில் முன் சக்கரங்களை மட்டும் தூக்கி இதைச் செய்யாதீர்கள். தரையில் இருக்கும் பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிவிடும். நான்கையும் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி வேண்டாம்.

பெடல்

டார்ச்சுடன் டிரைவர் சீட்டின் கீழே படுத்துக்கொண்டு பெடலைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். கண், மிதிப்பை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடு மேல் இருக்கட்டும். பெடல் நகர்ந்தும் ராடு அசையாத தூரம் எவ்வளவோ, அவ்வளவும் நஷ்டம். இந்த வண்டிகளின் பிரபலமான பலவீனம் இங்கேதான். பெடலின் அசைவை மேலே ராடுக்குக் கடத்தும் கை இணையும் இடம் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிடும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிளே (தளர்வு), பாதம் படும் இடத்தில் பல மில்லிமீட்டராகப் பெருகும். பெடல் அசெம்பிளியை வெளியே எடுத்து, புஷ்களை மாற்றி, அந்த இணைப்பைச் சரியான கோணத்தில் வைத்து வெல்டிங் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. வண்டிக்குள் வைத்தே வெல்டிங் செய்யாதீர்கள், வயரிங்கும் கம்பளமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

புஷ் ராடு கிளெவிஸ் பின்னில் 1 முதல் 3 மில்லிமீட்டர் பிளே இருக்க வேண்டும். பாதத்தில் மொத்தமாக 6 முதல் 13 மில்லிமீட்டர். கிளட்ச் கட் ஆகவில்லை என்றதும் பலர் ராடை நீளமாகத் திருகி இந்த பிளேயை முழுக்க எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குக் கியர் விழும், உண்மைதான். ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை பிஸ்டனால் மூடியே இருக்கும். சூடேறி விரியும் எண்ணெய்க்குப் போக இடமில்லாததால் அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளி, மிதிக்காமலே கிளட்ச்சைப் பாதி திறந்துவிடும். இருபது நிமிடம் ஓட்டியபின் புதுக் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று வரும் புகார்களில் இது முக்கியக் காரணம். ஸ்லேவில் காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் பிளீடர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்து ஸ்லிப்பும் நின்றால், காரணம் உறுதி.

இன்னொருவரை மிதிக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரையும் பாருங்கள். சிலிண்டர் உடம்போடு முன்னே அசைந்தால் ஃபயர்வால் தகடு வளைகிறது. தகட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கு பிளேட் வைக்க வேண்டும்.

ஹைட்ராலிக்

ஸ்லேவ் ராடின் மேல் ஒரு பெயின்ட் கோடு போட்டு, உதவிக்கு ஒருவரை வைத்து முழு மிதிப்பில் அது எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். பெடலை அப்படியே அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ராடு மெல்லத் திரும்பி வந்தால், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாவிட்டாலும் மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது. சூடான எஞ்சினில் இதே அளவை மறுபடி எடுங்கள். குளிரில் சரியாகவும் சூட்டில் குறைவாகவும் வந்தால் எண்ணெயில் காற்றோ ஈரமோ இருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உப்புகிறது. கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றியதும் பெடல் உணர்வே மாறிவிடும். செலவுக்கு உகந்த வேலை.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தடதடவென்று பம்ப் செய்யாதீர்கள், காற்று நுரையாக உடைந்து எண்ணெயோடு கலந்துவிடும். மெதுவாக மிதி, பிளீடரைத் திற, மூடு, பிறகு பெடலை விடு. டாட் 3 அல்லது டாட் 4 எண்ணெய், சுமார் 300 மில்லி இருந்தால் பழையதை முழுக்க வெளியேற்றலாம். டாட் 5 சிலிக்கான் எண்ணெய் வேண்டாம். இத்தனை செய்தும் பெடல் பஞ்சு போல இருந்தால், ஸ்லேவை போல்ட் கழற்றி பிளீடர் உச்சியில் வரும்படி திருப்பிப் பிடித்து, ராடைக் கையால் மெல்ல முழுவதும் உள்ளே தள்ளுங்கள். தங்கியிருந்த காற்று குமிழிகளாக டப்பாவுக்கு ஏறும். ஸ்லேவ் வெளியே இருக்கும்போது யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் தெறித்து வந்துவிடும்.

பெரிய மாஸ்டர் போட்டால் போதுமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 15.87 மில்லிமீட்டர் போர் உள்ள மாஸ்டர் 30 மில்லிமீட்டர் நகர்ந்தால் 19.05 மில்லிமீட்டர் ஸ்லேவ் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் நகரும். மாஸ்டரை 17.46 ஆக்கினால் 25 வரை போகும், ஆனால் காலுக்கு 21 சதவீதம் பாரமும் கூடும். தேய்ந்த பெடலைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும். அதோடு அளவுக்கு மீறித் தள்ளினால் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் விரல்கள் எல்லை தாண்டிப் போய் டிஸ்க்கின் நடு ஹப்பில் உரசும். பெடல் தரையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. கட் ஆகும் புள்ளிக்குச் சற்றுக் கீழே பெடல் ஸ்டாப்பர் வையுங்கள்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால்

வெளியே எல்லாம் சரி, ஸ்லேவ் நன்றாக நகர்கிறது, இன்னும் இழுக்கிறது என்றால் குற்றம் உள்ளே. இறக்குவதற்கு முன் பெல்ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) ஜன்னல் வழியாக, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கைப் பாருங்கள். முழுப் பயணத்திலும் ஜன்னலின் எந்த ஓரத்திலும் அது இடிக்கக்கூடாது. இடித்தால் ஃபோர்க் தாங்கி நிற்கும் பிவட் குண்டு தேய்ந்திருக்கும், அல்லது ஃப்ளைவீல் லேத்தில் கடையப்பட்டு முழு கிளட்ச்சும் எஞ்சின் பக்கம் நகர்ந்திருக்கும். குண்டைப் புதிதாக்கி, தேவைப்பட்டால் அதன் அடியில் வாஷர் வைத்து உயரத்தை ஈடுகட்டலாம். முதலில் மெல்லிய வாஷர் ஒன்றே ஒன்று போட்டு மறுபடி அளந்து பாருங்கள். அதிகமானால் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்தி ஸ்லிப் தொடங்கும்.

ஃப்ளைவீல் விஷயத்தில் லேத் பட்டறைகள் அதிகம் தவறுவது இங்கேதான். இந்த எஞ்சினின் ஃப்ளைவீல் படி வைத்தது. டிஸ்க் உரசும் முகம் பள்ளத்திலும், கவர் போல்ட் ஆகும் வளையம் மேட்டிலும் இருக்கும். இரண்டுக்கும் இடையேயான உயரம் 0.610 அங்குலம், அதாவது சுமார் 15.5 மில்லிமீட்டர். உரசும் முகத்தை மட்டும் கடைந்தால் பள்ளம் ஆழமாகும், டயஃப்ரம் தேய்ந்த டிஸ்க்கின் மேல் உட்காருவது போல உட்காரும், விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் நிமிரும், பிளே காணாமல் போகும். எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவையே மேட்டிலும் எடுக்கச் சொல்லி, நேர் விளிம்பும் டெப்த் கேஜும் வைத்து நான்கு இடங்களில் நீங்களே அளந்து வாங்குங்கள்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை:

- ஃப்ளைவீல் பக்கம் என்று குறித்த முகம் அந்தப் பக்கமே போக வேண்டும். திருப்பி மாட்டினால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்களில் இடித்து ஒருபோதும் கட் ஆகாது.
- இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்லைனில் அது தன் எடையிலேயே வழுக்க வேண்டும். துருவைத் துடைத்து, கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, உபரியைத் துடைத்துவிடுங்கள். வழிந்தால் சுழலும்போது உரசும் முகத்தில் தெறிக்கும்.
- கியர்பாக்ஸை மாட்டும்போது அதன் எடை ஒரு கணம்கூட ஷாஃப்ட் வழியாக டிஸ்க்கில் தொங்கக்கூடாது. தொங்கினால் டிஸ்க் வளையும். வளைந்த டிஸ்க் பிளேட் விலகியும் இரு பக்கமும் மாறி மாறி உரசும். கியர்பாக்ஸ் ஜாக் இல்லாமல் இரண்டு பேர் மார்பில் தூக்கி மாட்டும் இடங்களில் இது சகஜம். சந்தேகமிருந்தால் டிஸ்க்கை ஷாஃப்டில் சுழற்றி டயல் கேஜ் வையுங்கள், ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நான் அதைத் திரும்ப மாட்டச் சொல்ல மாட்டேன்.

கவர் போல்ட்களை நட்சத்திர முறையில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றி, கடைசியில் 15 முதல் 22 நியூட்டன் மீட்டர் முறுக்குங்கள். ஏர் கன்னால் ஒவ்வொன்றாக இறுக்கினால் கவர் கோணிக்கொள்ளும், பிளேட் ஒரு பக்கம் மட்டும் விலகும். பெல்ஹவுசிங்கை எஞ்சினோடு நேராக உட்கார வைக்கும் டவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா என்று மறக்காமல் பாருங்கள், பழைய வண்டியில் ஒன்று தொலைந்திருப்பது வழக்கம்.

பீங்கான் கலந்த பக் வகை (முழு வளையத்துக்குப் பதில் தனித்தனி உரசு துண்டுகள் கொண்ட) டிஸ்க்கில் நெரிசலில் வண்டி உதறுவதும், ஸ்பிரிங் இல்லாத ஹப்பில் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடப்பதும் அதன் இயல்பு. அவற்றை நோயாக எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். மாட்டிய முதல் 800 கிலோமீட்டர் நகரத்தில் நிதானமாக ஓட்டுங்கள். இலேசான இழுவை அதற்குள் மறைவதும் உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெய் ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 இருக்கட்டும். ஜிஎல்-5 சிங்க்ரோவைத் தேவைக்கு மேல் வழுக்க வைத்து, கிளட்ச் மேல் வீண் பழி வரச் செய்யும்.

பெடல் உயரம் திருப்பத்தில் மாறினால்

இது தனியாகப் பார்க்க வேண்டியது. இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பும்போது பெடல் பிடிக்கும் இடம் மாறுகிறது, மிதித்தால் ஐடில் சரிகிறது என்றால், கிராங்க் ஷாஃப்டே முன்பின் நகரத் தொடங்கியிருக்கலாம். 1992 நடுவிலிருந்து வந்த 7 போல்ட் எஞ்சின்கள் (ஃப்ளைவீல் கிராங்கோடு ஏழு போல்ட்டில் மாட்டியவை) இதற்குப் பேர்போனவை. ஒவ்வொரு மிதிப்பும் கிராங்கை டைமிங் பெல்ட் பக்கம் தள்ளுகிறது, அதைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங் மட்டுமே. ஏ.சி.டி நிறுவனத்தின் 2600 போன்ற பிளேட்டின் பெயரிலுள்ள எண்ணே பவுண்டு கணக்கிலான அழுத்தம். அது ஏறும்போது பேரிங்கின் சுமையும் ஏறும். தேவைக்கு மேல் கனமான பிளேட் மாட்டாதீர்கள் என்று சொல்வதற்குக் காலின் வலியைவிட இதுவே பெரிய காரணம்.

எஞ்சினை அணைத்துவிட்டு, கிராங்க் புல்லியில் டயல் கேஜ் வைத்து, ஒருவரை மிதித்து விடச் சொல்லுங்கள். 0.05 முதல் 0.18 மில்லிமீட்டர் அசைந்தால் நல்லது. 0.25ஐத் தாண்டினால் அந்த எஞ்சினைப் பிரிக்காமல் இன்னொரு கிளட்ச் வாங்காதீர்கள். அளவு நன்றாக இருந்தால் அதைக் காப்பாற்ற ஒரு பழக்கம்: ஸ்டார்ட் செய்யும் கணத்தில் த்ரஸ்ட் பேரிங்கில் எண்ணெய் அழுத்தம் இருக்காது, அப்போது கிளட்ச்சை மிதிக்காமல் இருப்பது நல்லது. அதற்கு, மிதித்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆக விடும் கிளட்ச் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்துக்கொள்ளலாம். அப்படிக் கொடுத்த வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டு, லீவர் நியூட்ரலில் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். வண்டியை வேறொருவரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.