பழைய கம்பெனியைப் பற்றி வெளியில் எழுதலாமா? எழுதும் முன் பார்க்க வேண்டியவை

கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பது, ரிலீவிங் லெட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு அலைய விடுவது, எல்லார் முன்னாலும் கத்தி அவமானப்படுத்துவது என்று ஒரு மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு ஏதோ ஒரு இரவில் கை பரபரக்கும். கம்பெனி பெயரோடு எல்லாவற்றையும் லிங்க்ட்இன்னில் கொட்டிவிட வேண்டும் என்று இருக்கும். எனக்கும் அப்படி ஒரு இரவு இருந்தது. அதனால் இப்போது யாராவது எழுதலாமா என்று கேட்டால் முதலில் ஒன்றுதான் கேட்கிறேன்: அவர்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியது இன்னும் என்ன பாக்கி?

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாக்கிச் சம்பளம், ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கான சான்று), ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை. இதில் ஒன்று பாக்கி இருந்தாலும் இப்போது எழுதாதீர்கள். அடுத்த கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்க ஃபோன் போடுவதும் அதே எச்.ஆருக்குத்தான். சம்பளப் பாக்கிக்கு வழி இருக்கிறது: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். 45 நாள் ஆகும் என்று இன்னும் சொல்லும் எச்.ஆருக்கு இதைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள், வாயால் பேசாதீர்கள். அப்படியும் நகரவில்லை என்றால் தொழிலாளர் துறை.

என் விஷயத்தில் சிக்கல் பி.எஃப். சம்பளச் சீட்டுகளை ஒரு பக்கமும் பி.எஃப். பாஸ்புக்கை இன்னொரு பக்கமும் வைத்து மாதம் மாதமாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மே வரைக்கும் டிக் விழுந்தது, ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏழு மாதம் ஒன்றுமே இல்லை. சீட்டில் மட்டும் மாதாமாதம் 1,800 ரூபாய், அதாவது 15,000க்கு 12 சதவீதம், தவறாமல் பிடித்திருந்தார்கள். அந்த இரவே இரண்டு பக்கம் எழுதினேன். 'திருட்டுக் கம்பெனி' என்று ஆரம்பித்து, முதலாளி பெயர், மேனேஜர் பெயர் எல்லாம் போட்டு. அக்கா அதைப் படித்துவிட்டு, "இதப் போட்டா அந்தப் பணம் வந்துடுமா?" என்று கேட்டாள். வராது. அதனால் போடவில்லை. பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் பதிந்தேன், ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். நம்மிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம். அந்த அலுவலகம் கேட்டால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும். பணம் ஏறிய பிறகுதான் எழுதினேன், ஆறு வரி.

பாக்கி எல்லாம் தீர்ந்தது என்றால் அடுத்தது, எதற்காக எழுதுகிறீர்கள்? அவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தால் விட்டுவிடுங்கள், கேட்கமாட்டார்கள். மனசு ஆறுவதற்கு என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் முழுவதும் சொல்லி அழுதுவிடுவதே மேல். அடுத்து அங்கே சேரப்போகிறவருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்பது காரணமாக இருந்தால் எழுதுங்கள். நான் எழுதியதைப் பார்த்து, ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் எனக்கு மெசேஜ் போட்டுக் கேட்டார், கடைசியில் அங்கே சேரவில்லை. அந்த ஒருவருக்காகவே எழுதியது நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

சட்டம் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "உண்மையைத்தானே சொல்கிறேன், என்ன செய்ய முடியும்?" என்பார்கள். இங்கே அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான், உச்ச நீதிமன்றம் 2016ல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை. அந்த வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். பாலியல் தொல்லை விஷயம் என்றால் இன்னும் கவனம்: 2013ஆம் வருடச் சட்டப்படி, இதை விசாரிக்க கம்பெனிக்குள் இருக்கும் கமிட்டியில் கொடுத்த புகாரின் விவரத்தையும், சம்பந்தப்பட்டவர்கள் யார் என்பதையும் வெளியிடக் கூடாது. அங்கே புகாருக்கு மூன்று மாதக் கெடு, காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதை விட்டுவிட்டு எழுத உட்காராதீர்கள்.

பெயர் போடாமல் எழுதினால் தப்பிக்கலாம் என்றும் நம்பாதீர்கள். ஊழியர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றி விமர்சனம் எழுதும் கிளாஸ்டோர் தளத்தில் பெயரில்லாமல் எழுதிய முன்னாள் ஊழியர்கள் யார் என்று சொல்லும்படி, ஜூரு என்ற நியூசிலாந்து பொம்மை நிறுவனம் கேட்டதற்கு 2022ல் அமெரிக்க நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்புறம், பத்துப் பேர் இருக்கும் டீமில் எழுதியது யார் என்று கண்டுபிடிக்க நீதிமன்றமே தேவையில்லை.

எப்படி எழுதுவது என்று கேட்டால், 2017 பிப்ரவரியில் சூசன் ஃபௌலர் என்ற இன்ஜினியர் ஊபரில் தான் வேலை பார்த்த ஒரு வருடத்தைப் பற்றி எழுதியதைத் தேடிப் படியுங்கள். அவர் உள்ளே இருக்கும்போது எழுதவில்லை. வேறு வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு, 2016 டிசம்பரில் வெளியேறி, இரண்டு மாதம் கழித்துத்தான் எழுதினார். தொல்லை கொடுத்த மேனேஜரின் பெயர்கூட அதில் இல்லை. என்ன மெசேஜ் வந்தது, ஸ்கிரீன்ஷாட்டோடு எச்.ஆரிடம் போனபோது என்ன பதில் கிடைத்தது என்று வரிசையாகச் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஜூனில் ஊபரின் தலைவர் டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். நமக்கு அந்த அளவுக்கு நடக்காது, ஆனால் முறை அதுதான். 'ஏமாற்றுக்காரர்கள்' என்று எழுதாதீர்கள். 'ஜூன் முதல் டிசம்பர் வரை சீட்டில் 1,800 பிடித்திருக்கிறது, பாஸ்புக்கில் வரவில்லை, புகார் கொடுத்த பிறகு கட்டினார்கள்' என்று எழுதுங்கள். காதில் விழுந்ததை விடுங்கள். உங்கள் சீட்டு, உங்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட், உங்களுக்கு வந்த மெயில், இவை போதும். கிளையண்ட் ஃபைல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள், அதை வைத்தே உங்கள் மேல் வழக்குப் போடுவார்கள்.

இன்னும் உள்ளே இருப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த தம்பிக்கும் அதே ஏழு மாதம் விடுபட்டிருந்தது. அவன் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தான். 'எங்கள் டீமில் பலருக்கு' என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் முதலில் அவனைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார்கள். எனக்கு நடந்ததோடு நிறுத்திக்கொண்டேன், போடுவதற்கு முன்னால் அவனிடம் படித்தும் காட்டினேன்.

போட்ட மறுநாளே எச்.ஆர். ஃபோன் வரலாம், தன்மையாகத்தான் பேசுவார்கள். ஃபோனில் எதற்கும் ஒப்புக்கொள்ளாமல், மெயிலில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுதாதீர்கள், போட்டதை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். நோட்டீஸையும் உங்கள் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், மெயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.