ஏற்காடு ஏறும்போது கார் கண்ணாடி மூடிக்கொள்கிறதா?

மார்கழி, தை மாதங்களில் ஏற்காடு மலை ஏறும்போது கார் முன்கண்ணாடி உள்பக்கம் புகைபோல் மூடிக்கொண்டால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏசியைப் போட்டு, கூடவே ஹீட்டரையும் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்துவிடுங்கள். சீக்கிரமே தெளிந்துவிடும்.

இந்தக் குளிரில் ஏசியா என்று பின்சீட்டிலிருந்து கட்டாயம் ஒரு குரல் வரும். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து காருக்கு அடியில் சொட்ட விடுகிறது, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்குகிறது. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போவதற்குள் கண்ணாடி சில்லிட்டுவிடும், உள்ளே நாலைந்து பேர் விடும் மூச்சின் ஈரம் அதில்தான் போய்ப் படியும். ஹீட்டர் இல்லாத பழைய வண்டியா, ஜன்னலை இரண்டு விரல் இறக்கினாலே பாதி குறையும்.

ஆனால் உள்ளே விரலால் தேய்த்தும் தெளியவில்லை என்றால் ஈரம் வெளிப்பக்கம் இருக்கிறது. மழை நாளில் ஏசியை ரொம்பக் குளிராக வைத்தால் இப்படி ஆகும். அப்போது குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள், போதும்.

அப்புறம், சாலையையே மூடும் பனிக்கு இது எதுவும் உதவாது. பிரைட் லைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும், அதனால் டிம் லைட்டில் மெதுவாகப் போங்கள், முடியவில்லையா, சாலையை விட்டு ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள்.