தொங்கு தொட்டியில் ஃபியூஷியா: செப்டம்பர் குச்சி, மே மாதப் பூ

ஜிமிக்கி மாதிரித் தொங்கும் ஃபியூஷியாவில் ‘ஸ்விங்டைம்’ ரகத்தின் கிளைகள் தானாகவே தழையும்; தொங்கு தொட்டிக்குத் தோதானது. கலிபோர்னியாவில் உருவாகி 1950-இல் வெளிவந்த கலப்பினம். மேலிதழ் சிவப்பு, உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை. விதை போட்டால் தாய்ச்செடி போல வராது, குச்சிதான் வழி.

நம் நீலகிரியில் செப்டம்பரில் மொட்டில்லாத நுனிக்கிளையை 8 செ.மீ. நீளத்துக்கு, கணுவை ஒட்டிக் கீழே, பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும்; நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். மேலே இரண்டு ஜோடி இலை போதும். மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி கலந்து, அதில் 3 செ.மீ. ஆழம் செருகி, பிளாஸ்டிக் கவரால் மூடி நிழலில் வையுங்கள். தினம் ஒரு தடவை கவரை எடுத்து, கோத்த நீரை உதறுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் வரும். லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும்.

10 அங்குலத் தொட்டிக்கு மூன்று செடி. வெறும் செம்மண் மழையில் இறுகிவிடும். மக்கிய இலைக்குப்பை, மணல் இரண்டையும் சம அளவு சேருங்கள்.

இனி முக்கியமான வேலை. மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ள வேண்டும். தேயிலைக் கொழுந்து எடுத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். பக்கக்கிளைகளிலும் இதையே செய்யுங்கள். புதுத்தளிரின் இலைக்கக்கத்தில்தான் பூ வரும் என்பதால், நுனி கூடினால் பூ கூடும். ஆனால் கடைசியாகக் கிள்ளிய பிறகு அடுக்குப்பூ ரகம் பூக்க 10 முதல் 12 வாரம் ஆகும். மே மாதச் சீசனுக்குப் பூ வேண்டுமானால் பிப்ரவரியோடு நிறுத்துங்கள். ‘இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும்’ என்று ஏப்ரலில் கிள்ளினால், பூ ஜூன் மழையில் நனைந்து அழுகும்.

உறைபனிக்கு முன்னால் வரும் நீர்ப்பனி தொடங்கியதுமே தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். தலைகுந்தா பக்கம் உறைபனி ஒரே ராத்திரியில் கருக்கிவிடும். குன்னூரில் அவ்வளவு பயமில்லை.

உரம்: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், பத்து நாளுக்கொரு முறை. மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து கூடிய 13:0:45.

மத்தியான வெயிலில் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அது சூட்டு வாட்டம். நிழலுக்கு மாற்றினால் சாயங்காலம் நிமிரும். மறுநாள் காலையிலும் தொங்கினால் வேர் அழுகுகிறது. அப்போது ஊற்றும் தண்ணீர் செடியைக் கொன்றுவிடும்.

பூ உதிர்ந்ததும் நிற்கும் காயைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். விட்டால் மொட்டு குறையும். மருந்தடிக்காத செடியென்றால் பழுத்ததைத் தின்னலாம், ருசியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.