நாணயத்தில் உள்ள ஆண்டை நம்பலாமா?

அரிய நாணயத்தின் பூர்வீகம் தேடுபவர்கள் முதலில் சறுக்குவது அதிலுள்ள ஆண்டில்தான். அது நாணயம் அடிக்கும் அச்சில் வெட்டிய ஆண்டு. நாணயம் அடித்த ஆண்டாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் பொறித்த தாலர் என்ற வெள்ளி நாணயம் 1780 என்ற ஆண்டோடு, அவர் இறந்த பிறகும் வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் என்று இருபதாம் நூற்றாண்டு வரை அடிக்கப்பட்டது.

1804 அமெரிக்க வெள்ளி டாலரின் கதை இன்னும் விசித்திரம். அந்த ஆண்டு 19,570 டாலர் அடித்ததாக நாணயச்சாலைக் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவை முந்தைய ஆண்டுகளின் எண் பொறித்த அச்சுகளில் அடித்தவை. 1804 என்று பொறித்த முதல் டாலர்கள் வெளிவந்ததோ 1834-இல், வெளிநாட்டு அரசர்களுக்குப் பரிசளிக்க. கணக்கு சரியானதுதான். அதை இந்த நாணயத்தின் தலையில் கட்டியதுதான் பிழை.

ஊர்ப்பெயரும் அப்படியே. 'ஆற்காடு' என்று பாரசீகத்தில் பொறித்த ரூபாயைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்தார்கள், ஆங்கிலேயர்கள் சென்னையில் அடித்தார்கள். பெயரை வாசித்ததோடு நிறுத்தாமல் அடித்த இடத்தைக் காட்டும் பிறை, தாமரை போன்ற சிறு குறிகளைத் தேடுங்கள். இந்த ரூபாய்களில் இருக்கும் ஹிஜ்ரி ஆண்டை, அதாவது இஸ்லாமிய நாட்காட்டி ஆண்டை, கி.பி. ஆண்டாக்க வெறுமனே 622-ஐக் கூட்டாதீர்கள். சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள்தான். முதலில் 0.97-ஆல் பெருக்கி, பிறகு 622 கூட்டினால் 1172 என்பது 1758-59 ஆகும். நேராகக் கூட்டினால் 1794. 35 ஆண்டுக்கும் மேல் தப்பு. அதிலும் ஆற்காடு ரூபாயில் இந்த 1172 வெகுகாலம் மாற்றாமல் வைத்திருந்த ஆண்டு!

அடித்த எண்ணிக்கையை வைத்து அரிதா என்று முடிவு செய்வதும் ஆபத்து. 1933-இன் 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடித்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கிவிட்டார்கள்.

நூல்களைப் புரட்டும் முன் நாணயத்தை அளந்துவிடுங்கள்: 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை, பிறகு விட்டம், இருபக்க அச்சுகளின் திசை (ஒரு பக்கம் நேராக இருக்கும்போது மறுபக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது). எடை சற்றுக் குறைந்தால் தேய்மானம் என்று சொல்லலாம். கூடினால் அப்படிச் சொல்ல முடியாது. துலக்கவே கூடாது, மேற்பரப்பில் உள்ள தடயம் அதோடு போய்விடும்.

குறைகளையும் பிரித்துப் பாருங்கள். அச்சில் விழுந்த விரிசல் பல நாணயங்களில் ஒரே இடத்தில் தெரியும். ஒரே அச்சில் பிறந்தவை என்பதற்கு அதுவே சான்று. கைமாறும்போது பட்ட வெட்டு இரண்டு நாணயங்களில் அச்சு அசலாக ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றாவது போலி; இரண்டுமேகூட ஒரே மூலத்திலிருந்து வார்த்தவையாக இருக்கலாம்.